கேல்போர்ட் மசோதா பருத்த கதை

நடக்காத காரியங்களைக் கண்காணிப்பதுதான் லோரெட்டா பிங்காமின் உத்தியோகம். அதற்குச் சம்பளம் உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, ஜன்னலோரமாக ஒரு மேசையும் உண்டு. வாஷிங்டனில், நாடாளுமன்றத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பிராமர் ஃபைபர் நிறுவனம் மூன்று அறைகளை வாடகைக்கு வைத்திருந்தது. நிறுவனத்தின் ஆலைகளெல்லாம் ஓஹையோவிலும் இந்தியானாவிலும் இருந்தன. அங்கே உலைகளின் உட்சுவரில் பதிக்கும் வெப்பத் தடுப்புப் பலகைகளைச் செய்தார்கள். வாஷிங்டனில் எதையும் செய்யவில்லை. எதுவும் செய்யப்பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கீழவையும் செனட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதிதாகக் கூடும். அந்த இரண்டு வருடத்துக்குள் ஆயிரக்கணக்கில் மசோதாக்கள் பிறக்கும். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ சட்டமாகும். மிச்சமெல்லாம் ஏதாவது ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே யாரும் அடிக்காமல் வையாமல் நிம்மதியாகச் செத்துப்போகும். தூசி, நார், உலை, நுரையீரல் என்று எந்தச் சொல் எந்த மசோதாவில் தென்பட்டாலும் லோரெட்டா அதைப் படிப்பாள். படித்து ஒரு நிறம் கொடுப்பாள். சாம்பல் என்றால் மசோதா தூங்குகிறது. மஞ்சள் என்றால் புரண்டு படுக்கிறது. சிவப்பு என்றால் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடுகிறது. திங்கட்கிழமைதோறும் அந்த நிறங்களோடு ஒரு குறிப்பு தலைமையகத்துக்குப் போகும். அங்கே சிவப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இருக்காது. பார்த்துவிட்டு மதிய உணவுக்குப் போவார்கள்.

நிறுவனம் எந்த மசோதாவையும் எதிர்த்ததில்லை. இதை அதன் அதிகாரிகள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். எதிர்ப்பு என்பது சிறுபிள்ளைத்தனம், பத்திரிகையில் வரும், பிறகு அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். ஆகவே நிறுவனம் எப்போதும் ‘மசோதாவின் நோக்கத்தோடு உடன்படுகிறது’. உடன்பட்ட கையோடு, இன்னும் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தால் நல்லது என்று பணிவாகச் சொல்லும். ஆராய்ச்சிக்கு யாரும் எதிரியில்லை. ஆராய்ந்து முடிப்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும்.

லோரெட்டாவின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த மசோதாக்களில் ஒன்றை அவள் அக்கா வாண்டா தன் சொந்தப் பிள்ளைபோல விசாரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போன் வரும்.

“லோரி, எங்க மசோதா எப்படி இருக்கு?”

“தூங்குது.”

“தூங்கட்டும். குழந்தைன்னா தூங்கத்தான் செய்யும்.”

“இது திரும்பத் திரும்பப் பொறக்கிற குழந்தை, வாண்டா. ஒரு தடவைகூட நடக்கல.”

“பிடிவாதம் ஜாஸ்தி. நம்ம வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமே இல்ல.”

இதைச் சொல்லிவிட்டு வாண்டா சிரிப்பாள். சிரிப்பு இருமலாக மாறும். இருமல் அடங்கும்வரை லோரெட்டா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

இரண்டு பேரும் ஓஹையோ ஆற்றங்கரையில் கேல்போர்ட்டில் பிறந்தவர்கள். அந்த ஊரில் பிராமர் ஆலையில் சேருவதை வேலைக்குச் சேருவது என்று சொல்லமாட்டார்கள், ‘உள்ளே போவது’ என்பார்கள். வாண்டா பள்ளி முடித்த வேகத்தில் உள்ளே போனாள், பலகை அறுக்கும் பிரிவுக்கு. லோரெட்டாவுக்குத் தட்டச்சு வந்ததால் அவளும் அதே ஆலையில், ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், அலுவலக அறையில் உட்கார்ந்தாள். அக்கா தும்முவது கண்ணாடி வழியே தெரியும், கேட்காது. பிறகு ஆலையை மூடினார்கள். தட்டச்சுத் தெரிந்தவளை நிறுவனம் வாஷிங்டனுக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. பலகை அறுக்கத் தெரிந்தவளுக்கு ஒரு விருந்து கொடுத்தது, மேசைக் கடிகாரத்தோடு.

வாண்டாவின் நுரையீரலில் படிந்தது தூசிதான் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தபோது வழக்குப் போடுவதற்கான காலக்கெடு முடிந்திருந்தது. நோய் மெதுவானது, சட்டம் அவசரமானது. புருஷனுடைய காப்பீடு புருஷனோடு போய்விட்டது. முதியோர் காப்பீட்டுக்கு இன்னும் வயதாகவில்லை. நுரையீரலை மாற்றினால் பிழைக்கலாம் என்றார் சின்சினாட்டி டாக்டர். மாற்று உறுப்புக்கான வரிசையில் பெயர் எழுதுவதற்கே, செலவை யார் ஏற்கிறார்கள் என்று காட்ட வேண்டும். காட்ட அவளிடம் இருந்தது மேசைக் கடிகாரம்.

கேல்போர்ட் மசோதா அதற்காகத்தான். கேல்போர்ட் ஆலையில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டவர்களுக்கு ஒரு மருத்துவ அட்டை, அட்டையைக் காட்டினால் சிகிச்சை. பாதிச் செலவு அரசாங்கத்துடையது, பாதி நிறுவனத்துடையது. நாலே பக்கம். அந்தத் தொகுதியின் கீழவை உறுப்பினர் ரூத் ஆஸ்குட் ஒவ்வொரு முறையும் அதைச் சலிக்காமல் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் அது குழுவில் படுத்துக்கொள்ளும். கேல்போர்ட் நுரையீரல் சங்கத்துக்குத் தலைவி வாண்டா. சங்கத்து ஆட்கள் குறைந்துகொண்டே வந்ததால் தலைவி தேர்தலில் போட்டி கிடையாது.

அந்த வருடம் மசோதா புரண்டு படுத்தது. ஆஸ்குட்டுக்கு சுகாதாரக் குழுவில் நல்ல இடம் கிடைத்திருந்தது. செனட்டில் ஒருவர் அதே நாலு பக்கத்தைத் தன் பெயரில் கொண்டுவந்தார். லோரெட்டா ஒரு வாரம் மஞ்சள் போட்டாள். அடுத்த வாரம் யோசித்துப் பார்த்து, நேர்மையாக, சிவப்பு போட்டாள்.

நிறுவனத்தின் வாஷிங்டன் துணைத்தலைவர் கிரெய்க் மெல்ராய் அன்று அவளைக் கூப்பிடவில்லை, அவள் மேசைக்கே வந்தார். அவர் ஒரு நல்ல மனிதர். இந்தக் கதையில் அதுதான் சிக்கல். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பிறந்தநாள்கூட அவருக்கு ஞாபகமிருக்கும். வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு வாண்டாவுக்கு ஒரு முழுப் பன்றித் தொடை அனுப்புவார், நிறுவனக் கணக்கில் அல்ல, சொந்தக் காசில்.

“லோரெட்டா, சிவப்பு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“கண்ணாடியைத் துடைச்சிட்டு மறுபடி பார்த்தேன். நீங்க கடைசியா எப்ப சிவப்பு போட்டீங்க?”

“உங்களுக்கு முடி இருந்தப்ப.”

கிரெய்க் சிரித்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எதை வச்சு சிவப்பு?”

“நாலு பக்கம். ஒரே குழு. செலவு கம்மி. எதிர்க்கிறதுக்கு யாருக்கும் காரணம் கிடையாது. நாலு பக்கம்னா அவங்க படிச்சே முடிச்சிடுவாங்க, அதான் ஆபத்து.”

“வாண்டா எப்படி இருக்காங்க?”

“அப்படியேதான்.”

அவர் உண்மையாகவே விசாரித்தார். “இதை நீங்க பார்க்க வேண்டாம்னு தோணிச்சுன்னா சொல்லுங்க. சங்கடமா இருக்கும். வேற யாரையாவது பார்க்கச் சொல்லலாம்.”

“வேற யாரு இருக்கா?”

மூன்று அறைகளிலும் மசோதா படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லைதான். கிரெய்க் கொஞ்ச நேரம் மேசையிலிருந்த பேனாவை உருட்டினார்.

“எதிர்த்துப் பார்க்கலாமா?”

“மூக்குல ஆக்சிஜன் குழாய் மாட்டின பொம்பளைங்களையா? தாராளமா. போட்டோவோட வரும், உங்க படம் சின்னதா ஓரத்துல.”

“பின்னே என்னதான் செய்யறது?”

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக அந்த நாற்காலியில் யார் எது கேட்டாலும் சரியான பதிலைச் சொல்லிப் பழகியவள் அவள். கேள்வி வந்தது, பதில் போயிற்று.

“அதுக்குச் சின்னதா இருக்கிறதுதான் பலம். பெருசாச்சுன்னா நகராது.”

சொல்லி முடித்த பிறகுதான் அது ஒரு யோசனை என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லும்போது வெறும் தகவலாகத்தான் இருந்தது. கிரெய்க் பேனாவை இருந்த இடத்திலேயே வைத்தார். நன்றி சொன்னார். அவர் போன பிறகு லோரெட்டா தன் சூப்பைச் சூடுபண்ணிக் குடித்தாள், ருசியாக இருந்தது என்பது அவளை வெகுநாள் உறுத்தியது.

அதன்பின் நிறுவனம் கேல்போர்ட் மசோதாமேல் பாசத்தைப் பொழிந்தது. இவ்வளவு நல்ல மசோதா ஏன் ஒரே ஊரோடு நின்றுவிட வேண்டும் என்று கிரெய்க் உறுப்பினர்களைப் போய்ப் பார்த்துக் கேட்டார். கெண்டக்கியில் செங்கல் சூளைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நுரையீரல் மட்டும் இரும்பிலா செய்தது? கெண்டக்கி உறுப்பினருக்குக் கண் கலங்கியது, சூளைக்காரர்கள் சேர்ந்தார்கள். வர்ஜீனியாக் கப்பல் பட்டறைக்காரர்கள் சேர்ந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் சேர்ந்தார்கள். ஆலையிலிருந்து வந்த உடுப்பைத் தோய்த்தே நோய் வாங்கிக்கொண்ட மனைவிமார்கள் சேர்ந்தார்கள். எல்லாமே நியாயம். அந்த உத்தியின் அழகே அதுதான், அதில் ஒரு பொய்கூட இல்லை.

சேரச்சேர மசோதா பருத்தது. பல மாநிலத் தொழிலாளர்கள் வந்ததால் தொழிலாளர் குழுவும் பார்க்க வேண்டும் என்றார்கள். கடற்படைக் கப்பல் வந்ததால் ராணுவக் குழு. இத்தனைக்கும் பணம் எங்கே என்று புதிதாக வரி போடும் யோசனை வந்ததால் வரிக்குழு. ஒரு குழுவிலிருந்து உயிரோடு வெளியே வருவதே அபூர்வம். நாலு குழுவுக்குப் போன மசோதாவை லோரெட்டா தன் வாழ்நாளில் திரும்பப் பார்த்ததில்லை.

வாண்டாவின் போன் இப்போது ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை.

“லோரி, கெண்டக்கிக்காரங்களும் வந்துட்டாங்க. கேட்டியா?”

“கேட்டேன்.”

“இவ்ளோ நாளா நாம ஒரு ஊரு. இப்ப நாம ஒரு நாடு. ஆஸ்குட் ஆபீஸ்ல சொல்றாங்க, கையெழுத்துப் போட உறுப்பினருங்க வரிசையில நிக்கிறாங்களாம். என்ன, சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லமாட்டியா, வாஷிங்டன் சீமாட்டி?”

“நல்லது” என்றாள் லோரெட்டா.

“செத்த வீட்ல சொல்ற மாதிரி சொல்றே.”

குழு விசாரணைக்குச் சங்கத்து ஆட்கள் பேருந்தில் வந்தார்கள். உறுப்பினர் அலுவலகக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு உணவகம் உண்டு. அங்கே ஒரு நீள மேசை நிறைய ஆக்சிஜன் உருளைகளும் தள்ளுவண்டிகளுமாக உட்கார்ந்து பீன்ஸ் சூப்பும் உப்பு பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள். வாண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். கெண்டக்கி சூளைக்காரர்களின் தலைவர் ஓடிஸ் காம்ப்டன் என்று வாண்டா அறிமுகம் செய்தாள். அவர் வாக்கியங்களைத் தவணைமுறையில் பேசினார்.

“உங்க அக்காவுக்கும் எனக்கும்” என்றார், மூச்சு வாங்கினார், “சேர்த்து ஒரு நுரையீரல் இருக்கும். மாத்தி மாத்தி... வச்சுக்கிறோம்.”

“இன்னிக்கு என் முறை” என்றாள் வாண்டா. “நான்தான் பேசப்போறேன், நீங்க வாயை மூடிட்டு நல்லா மூச்சு வாங்கிக் காட்டுங்க. குழுக்காரங்க மனசு இளகணும்.”

“அதுக்குப் பயிற்சியே... தேவையில்ல.”

ஓடிஸின் மனைவி கருப்பு பெர்ரி ஜாம் போட்ட கேக் ஒன்றை வாண்டாவுக்கென்று தனியாகக் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். வாண்டா அதை மேசை முழுக்கப் பகிர்ந்தாள். லோரெட்டாவுக்கும் ஒரு துண்டு வந்தது.

கிரெய்க் அங்கேயே வந்து எல்லோரிடமும் கைகுலுக்கினார். மின்தூக்கிக்கு வழி தெரியாமல் அவர்கள் திணறியபோது வாண்டாவின் உருளை வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனார். நிறுவனத்தின் சார்பாகக் குழுவில் அவர் படித்த அறிக்கை வாண்டாவின் பேச்சைவிட உருக்கமாக இருந்தது.

“உன் முதலாளி தங்கமான மனுஷன்டீ” என்றாள் வாண்டா, வெளியே வந்ததும்.

“ஆமா.”

“இவ்ளோ தங்கத்துக்கு நான் வேலை பார்த்தப்ப ஒரு நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.”

கோடை முடிவில் அரசாங்கத்தின் செலவுக் கணிப்பு வந்தது. பழைய நாலு பக்கத்துக்கு வந்த தொகை ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிற தொகை. இப்போது வந்தது ஒரு கப்பற்படை கட்டுகிற தொகை. அதைப் பார்த்த மறுநாளே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்ட உறுப்பினர்கள், நோக்கத்தோடு உடன்படுவதாகப் பேச ஆரம்பித்தார்கள். லோரெட்டா சிவப்பை எடுத்து மஞ்சள் போட்டாள். கிரெய்க் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்தார், எதற்கென்று சொல்லவில்லை. லோரெட்டா எதற்கென்று கேட்கவில்லை, ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள்.

நவம்பரில் ஒருநாள் கட்டடத் தாழ்வாரத்தில் ரூத் ஆஸ்குட் அவளை நிறுத்தினார். குள்ளமான பெண்மணி, வேகமாக நடப்பவர். ரொம்ப வருடப் பழக்கம் என்பதால் சுற்றி வளைக்கவில்லை.

“லோரெட்டா, உங்க ஆளு என் மசோதாவைக் கொஞ்சிக் கொஞ்சியே கொன்னுட்டாரு.”

லோரெட்டா கையிலிருந்த கோப்பை மறு கைக்கு மாற்றினாள்.

“வருஷ முடிவுக்குள்ள செலவு மசோதா எப்படியும் பாஸாகணும், இல்லேன்னா அரசாங்கத்தையே பூட்டணும். அதோட வால்ல நாலு பக்கத்தைக் கட்டிவிட எனக்கு ஒரு இடம் கிடைக்கும். பழைய நாலு பக்கம், கேல்போர்ட் மட்டும். ஆனா சங்கம் எழுதிக் கேக்கணும். நானா வெட்டினா, தீயணைப்புக்காரங்களை வெட்டினவள்னு அடுத்த தேர்தல்ல என் படத்தைப் போட்டு அடிப்பாங்க. அவங்களே கேட்டா, அவங்க விருப்பம்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? நான் யாருகிட்ட சம்பளம் வாங்குறேன்னு தெரியுமில்ல?”

“தெரியும். நீங்க யாரோட தங்கச்சின்னும் தெரியும்” என்று சொல்லிவிட்டு ஆஸ்குட் ஓட்டுப்போட ஓடினார்.

நன்றி நவிலும் நாளுக்கு லோரெட்டா காரை எடுத்துக்கொண்டு கேல்போர்ட் போனாள். சாப்பிட இரண்டே பேர் என்பதால் முழு வான்கோழி வாங்கவில்லை, நெஞ்சுத் துண்டு மட்டும். வாண்டா உட்கார்ந்த இடத்திலிருந்து அதிகாரம் செய்தாள், லோரெட்டா செய்தாள். ஆக்சிஜன் குழாய் சமையலறை முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது, அதை மிதிக்காமல் நடக்க ஒரு தனிப் பழக்கம் வேண்டும்.

“வெண்ணெயைக் கஞ்சத்தனமா போடாதே. எனக்குக் கொழுப்பால சாவு வராது.”

லோரெட்டா கரண்டியை வைத்தாள். “வாண்டா, ஒரு விஷயம்.”

“எதுக்கு முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?”

“மசோதா நகராது. இப்ப இருக்கிற மாதிரி இருந்தா எப்பவுமே நகராது.”

“இத்தனை பேரு சேர்ந்திருக்கோம்.”

“அதனாலதான்.”

வாண்டா முள்கரண்டியால் கிழங்கை மசிப்பதை நிறுத்தினாள். லோரெட்டா எல்லாவற்றையும் சொன்னாள். நாலு குழு, செலவுக் கணிப்பு, செலவு மசோதாவின் வால், ஆஸ்குட் கேட்கும் கடிதம். வாண்டா குறுக்கே பேசாமல் கேட்டாள், அது அவள் வழக்கமில்லை.

“உன் கம்பெனிக்கு எங்கமேல திடீர்னு ஏன் இவ்ளோ பாசம்னு நானும் யோசிச்சேன்” என்றாள் கடைசியில். “யாரு மூளைல உதிச்சது?”

“பெருசானா நகராதுன்னு நான்தான் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன்.”

வாண்டா தங்கையைக் கோபமாகப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“நீ சின்ன வயசுலயும் இப்படித்தான். அப்பா யாரு ஜன்னலை உடைச்சான்னு கேட்டா, டக்குனு சொல்லிடுவே. என்னைக் காட்டிக் கொடுக்கணும்னு இல்ல. பதில் தெரிஞ்சா உனக்கு வாய் நிக்காது.”

“சங்கத்துலேர்ந்து கடிதம் எழுதுங்க வாண்டா. டிசம்பருக்குள்ள எழுதினா வசந்தகாலத்துல அட்டை கைக்கு வரும். சின்சினாட்டியில பேர் எழுதலாம்.”

“ஓடிஸை வெட்டிவிடச் சொல்றே.”

“இப்போதைக்கு. அடுத்த தடவை அவங்களுக்குத் தனியா ஒண்ணு...”

“அடுத்த தடவைன்னு எங்களுக்கு எத்தனை தடவை சொன்னாங்க?”

“அவங்களை உங்களோட கோத்துவிட்டதே நாங்கதான். உங்களை அமுக்கறதுக்குத்தான். அது ஒரு தந்திரம், அவ்ளோதான்.”

“நீங்க சேர்த்தீங்களோ சாத்தான் சேர்த்தானோ, அவனுக்கு மூச்சு வாங்குறது நெஜம்தானே?” வாண்டா மறுபடி கிழங்கை மசிக்க ஆரம்பித்தாள். “அவன் பொண்டாட்டி கொடுத்தனுப்பின கேக்கை நீயும்தான் தின்னே.”

ஆனாலும் அவள் நேர்மையானவள், தனக்கு மட்டும் முடிவு செய்துகொள்ளவில்லை. அந்த வாரமே மெதடிஸ்ட் சர்ச்சின் நிலவறையில் சங்கத்தைக் கூட்டினாள். லோரெட்டா விடுப்பை நீட்டிக்கொண்டு அக்கா வீட்டிலேயே இருந்தாள், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். வாண்டாவை யாரோ காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். கோட்டைக் கழற்றவே அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

“என்ன சொன்னாங்க?”

“முழுசா சொன்னேன். எழுதினா என்ன கிடைக்கும், எழுதலேன்னா என்ன ஆகும், எல்லாம். உன்னைப் பத்தி மட்டும் சொல்லல, ஊர்ல நீ தலைகாட்ட வேண்டாமா? எழுதலாம்னு சொல்றவங்க கை தூக்குங்கன்னேன்.”

“எத்தனை பேர்?”

“ஒருத்தரும் இல்ல. எல்லாரும் அவங்கவங்க காபியைப் பார்த்துட்டிருந்தாங்க. ஹேரியட் மட்டும் கையைத் தூக்கினா.”

“அப்ப ஒருத்தர்...”

“கெண்டக்கிக்காரங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணலாமான்னு கேட்கத் தூக்கினா. பண்ணினோம்.”

“நீ தூக்கியிருக்கலாமே. நீ தூக்கியிருந்தா மத்தவங்களும் தூக்கியிருப்பாங்க.”

“அது தெரிஞ்சுதான் கையை மடியில வச்சிருந்தேன்” என்றாள் வாண்டா. “எனக்குப் பயமா இருக்கு லோரி, இல்லேன்னு சொல்லல. அதுக்காக இன்னொருத்தன் கழுத்துல கால வச்சு ஏறணுமா? இந்தக் கதவைச் சாத்து, குளிருது.”

நிறுவனம் கணக்குப் போடாத ஒன்று இங்கே அதற்குச் சாதகமாக முடிந்தது. சூளைக்காரர்களைச் சேர்த்தபோது மசோதாவுக்குப் பாரம் ஏறும் என்றுதான் கிரெய்க் நினைத்திருந்தார். அவர்களுக்குள் உறவு ஏற்பட்டுவிடும், அதனால் பாரத்தை இறக்கவே முடியாமல் போகும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. அவ்வளவு கெட்டவர் அல்ல அவர்.

லோரெட்டா தானே அவரிடம் போய் ஆஸ்குட்டின் யோசனையை அக்காவிடம் சொன்னதாகச் சொன்னாள். வேலை போகும் என்று எதிர்பார்த்தாள், ஒருவேளை விரும்பியும் இருக்கலாம்.

“நான் உங்க இடத்துல இருந்தாலும் சொல்லியிருப்பேன்” என்றார் கிரெய்க். “எழுதினாங்களா?”

“இல்ல.”

“அப்ப விடுங்க.”

பலிக்காத துரோகத்தை மன்னிப்பது சுலபம். அவளுக்கு அந்த வருடம் சம்பள உயர்வும் வந்தது.

செலவு மசோதா வாலில் வேறு என்னென்னவோ கட்டிக்கொண்டு நிறைவேறியது. ஜனவரியில் பழைய மன்றம் முடிந்தது, அதோடு அதிலிருந்த ஆயிரக்கணக்கான மசோதாக்களும் முடிந்தன. கேல்போர்ட் மசோதாவுக்குச் சாம்பல் போடக்கூடத் தேவையிருக்கவில்லை, வரிசையே அழிந்தது. புது மன்றத்தில் ஆஸ்குட் அதை மறுபடி கொண்டுவந்தார். இப்போது அது ஒரு தொலைபேசிப் புத்தகத்தின் கனம் இருந்தது. நிறுவனம் முதல் நாளே வரவேற்று அறிக்கை விட்டது, சங்கத்தின் கோடைச் சுற்றுலாவுக்கு நன்கொடையும் கொடுத்தது. பயமில்லாத மசோதாவை ஆதரிப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

வாண்டா ஏப்ரலில் இறந்தாள். கடைசி வாரங்களில் போனில் பேச முடியவில்லை. சங்கத்து ஹேரியட்தான் போனை அவள் காதருகே பிடிப்பாள். லோரெட்டா மசோதாவைப் பற்றிச் சொல்வாள், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், எந்தக் குழுத் தலைவர் நல்ல வார்த்தை சொன்னார் என்று. சொன்னதெல்லாம் உண்மை. நகராது என்பதை மட்டும் சொல்லவில்லை, அதை வாண்டாவுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது.

அடக்கத்துக்குக் கிரெய்க் வாஷிங்டனிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்தார். ஓடிஸ் காம்ப்டன் வர முடியவில்லை, அவர் மனைவி வந்தாள், கேக்கோடு. அடக்கம் முடிந்து சர்ச் நிலவறையில் எல்லோரும் பன்றித் தொடையும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிரெய்க் லோரெட்டாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஆஸ்குட் கிட்ட பேசினேன். மசோதாவுக்கு வாண்டா பேரை வைக்கலாம்னு சொன்னேன். அவங்களுக்கும் சம்மதம். குடும்பத்துல ஒருத்தர் சரின்னு சொல்லணும்.”

“பேரு வச்சா நகருமா?”

அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவில்லை. “உங்களுக்குத்தான் தெரியும், லோரெட்டா. நகராது. ஆனா ஒரு மரியாதை.”

அதற்குக் கையெழுத்து மட்டும்தான் தேவைப்பட்டது. லோரெட்டா போட்டாள்.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்கு வந்ததும் கிரெய்க் கதவருகே நின்று, அந்த ஒரு மசோதாவை மட்டும் இனி தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். அவர் ஒரு எழுத்தை விட்டுவிடுவார், அவருக்குப் பெயர்கள் ஞாபகமிருக்குமே தவிர எழுத வராது.

வாண்டா ஸ்டோக்ஸ் தொழிலாளர் நுரையீரல் மசோதா, என்று எழுதினாள். நான்கு குழுக்களில் நிலுவை. அசைவில்லை. நிறுவனம் நோக்கத்தோடு உடன்படுகிறது. நிறம்: சாம்பல்.

அடுத்தது தேனீப் பெட்டிகளைத் தபாலில் அனுப்புவது பற்றிய ஒரு மசோதா. அதில் ஓரிடத்தில் உலை என்ற சொல் வந்திருந்தது. அவள் அதைப் படிக்க ஆரம்பித்தாள்.